விட்டு விட்டுக் காய்ச்சல், வால்வில் தொற்று என்று சந்தேகம்: எதை வைத்து உறுதி செய்கிறார்கள்?

பொங்கோல்_மகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 61 வயது. சின்ன வயதில் ஊரில், தஞ்சாவூர் பக்கம், மூட்டெல்லாம் வீங்கிக் காய்ச்சலில் படுத்திருக்கிறார். அதில் மைட்ரல் வால்வு கெட்டுப்போய்க் கசிகிறது என்பது சிங்கப்பூர் வந்த பிறகுதான் தெரிந்தது. வருடா வருடம் எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிப்பது) எடுத்து, "மிதமான கசிவுதான், பார்த்துக்கொள்ளலாம்" என்று அனுப்பிவிடுவார்கள். காண்டோ ஒன்றில் பாதுகாவலர் வேலை, இரவு ஷிப்ட்.

ஒரு மாதத்துக்குப் பக்கமாகக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது. பெரிய காய்ச்சல் இல்லை, சாயங்காலமானால் 37.8, 37.9, அப்புறம் பனியன் நனைகிற அளவுக்கு வியர்வை. வீட்டுக்குக் கீழே இருக்கும் கிளினிக்கில் டெங்கி பரிசோதனை செய்தார்கள், இல்லை என்று வந்தது. ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சாப்பிட்டவரைக்கும் நன்றாக இருந்தார், நிறுத்தி ஒரு வாரத்தில் மறுபடியும் காய்ச்சல். வேறு கிளினிக், வேறு ஆன்டிபயாடிக், அதே கதை. இரண்டு இடத்திலும் யாரும் இதயத்தில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்க்கவில்லை, வால்வைப் பற்றி அப்பா சொன்னதையும் காதில் வாங்கவில்லை. இதற்குள் சாப்பாடு குறைந்து சட்டையெல்லாம் தொளதொள என்று ஆகிவிட்டது. போன வாரம் மேம்பாலப் படி ஏறும்போது பாதியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துப் போனோம்.

அங்கே ஒரு இளம் டாக்டர் அப்பாவின் நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார், கீழ் இமையை இழுத்து டார்ச் அடித்தார், கால் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு "இதய வால்வில் தொற்று இருக்கலாம், வார்டில் சேர்க்கிறோம்" என்றார். எனக்குப் புரியாதவை இவை. மார்பு மேல் எடுத்த எக்கோவில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள், அப்படியானால் தொண்டை வழியாக ஏன் இன்னொன்று? தனித்தனி இடத்தில் மூன்று முறை ரத்தம் எடுத்தார்களே, ஒரே முறை எடுத்தால் என்ன? காய்ச்சலோடு இருப்பவருக்கு ரத்தம் எடுக்கும்வரை ஆன்டிபயாடிக் கொடுக்காமல் ஏன் இருந்தார்கள்? பெரிய டாக்டர் ரவுண்ட்ஸில் "பாசிபிள்" (இருக்கலாம்) என்றார், "டெஃபினிட்" (உறுதி) இல்லையாம். இருக்கிறதா இல்லையா என்று ஒரு பரிசோதனையில் சொல்ல முடியாத நோயா இது?

பெரியப்பா ஊரிலிருந்து தினமும் போன் செய்து, சென்னைக்குக் கூட்டி வா என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

*

இரவுஷிப்ட்_தாதி எழுதியது:

தங்கச்சி, நான் அப்பாவைப் பார்க்கும் குழுவில் இல்லை, அதனால் அவருக்கு இதுதான் என்று சொல்லும் உரிமை எனக்குக் கிடையாது. ஆனால் நீ கேட்டதில் பாதி நாங்கள் வார்டில் தினமும் செய்கிற வேலை.

முதலில் ரத்தம். இது சாதாரண ரத்தப் பரிசோதனை இல்லை, பிளட் கல்ச்சர். ரத்தத்தில் கிருமி ஓடுகிறதா என்று புட்டியில் வளர்த்துப் பார்ப்பது. ஒரு செட் என்றால் இரண்டு புட்டி, ஒன்று காற்று தேவைப்படும் கிருமிக்கு, இன்னொன்று காற்று ஆகாத கிருமிக்கு. பெரியவர்களுக்கு ஒவ்வொன்றிலும் கிட்டத்தட்ட 10 மில்லி விட வேண்டும். ரத்தத்தில் ஓடும் கிருமியின் எண்ணிக்கை குறைவு, அதனால் ரத்தம் குறைந்தால் கிருமி சிக்காமலே போய்விடும். ஊசி போடும் இடத்தைக் குளோர்ஹெக்சிடினால் துடைத்துவிட்டுக் காயும்வரை காத்திருக்க வேண்டும். அவசரத்தில் ஈரத்தோடு குத்தினால் தோலில் இருக்கும் கிருமி புட்டிக்குள் போய்ப் பொய்யான முடிவு வரும். புட்டியின் ரப்பர் மூடியையும் துடைக்க வேண்டும். கையில் ஏற்கெனவே போட்டிருக்கும் டிரிப் குழாயிலிருந்து உறிஞ்சி எடுக்கக் கூடாது.

அப்புறம் ஏன் மூன்று? ஒரு புட்டியில் மட்டும் தோல் கிருமி வளர்ந்தால் அது எங்கள் கைவேலையின் குறையாக இருக்கலாம். வேறு வேறு இடத்தில் எடுத்த எல்லாவற்றிலும் அதே கிருமி வளர்ந்தால் அது ரத்தத்தில்தான் இருக்கிறது. வால்வில் உட்கார்ந்த கிருமி நாள் முழுக்க ரத்தத்தில் உதிர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே காய்ச்சல் ஏறும் நேரம் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை, நடுக்கம் இல்லாத நேரத்தில் எடுத்தாலும் வளரும்.

ஆன்டிபயாடிக் கேள்விக்கு வருகிறேன். ஒரு டோஸ் உள்ளே போனால்கூடக் கிருமி புட்டியில் வளராமல் போகலாம், ஆனால் வால்வில் இருப்பது சாகாது. உன் அப்பா ஏற்கெனவே இரண்டு கோர்ஸ் சாப்பிட்டிருக்கிறார். இதில் எனக்கு எரிச்சல் வரும், வெளிப்படையாகவே சொல்கிறேன். வால்வு கெட்டவர், செயற்கை வால்வு போட்டவர், முன்பே இந்தத் தொற்று வந்தவர், டயாலிசிஸுக்குக் கழுத்தில் குழாய் வைத்தவர், இவர்களுக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் ஒரு வாரத்தைத் தாண்டினால் மாத்திரைக்கு முன்னால் கல்ச்சர் எடுக்க வேண்டும். இங்கே காய்ச்சல் என்றதும் எல்லாருக்கும் டெங்கிதான் ஞாபகம் வரும், அது நியாயம்தான். ஆனால் டெங்கிக் காய்ச்சல் பொதுவாக 2 முதல் 7 நாளில் அடங்கிவிடும். மாதக் கணக்கில் போய் வராது.

எந்தெந்த மாத்திரை, எந்தத் தேதியில் ஆரம்பித்து எப்போது முடித்தார் என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடு. பழைய மாத்திரை உறை இருந்தால் அதையும் கொண்டு போ. கல்ச்சரில் ஒன்றும் வளராவிட்டால் அந்தத் தாள் ரொம்ப முக்கியமாகிவிடும்.

*

ஜூரோங்_சித்தப்பா எழுதியது:

எனக்கு ஒன்று புரியவில்லை. தொற்று என்று சந்தேகம் வந்தாச்சு, மருந்தும் இருக்கிறது. கிருமியின் பேர் தெரிந்தால்தான் கொடுப்பேன் என்று மனுஷனைக் காயப்போடுவது என்ன நியாயம்? எங்கள் காலத்தில் டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்து ஊசி போட்டுவிடுவார். அந்தப் பெரியப்பா சொல்கிற மாதிரி சென்னைக்கே போகலாம், அங்கே நம் பாஷையில் விளக்கமாவது சொல்வார்கள்.

*

இரவுஷிப்ட்_தாதி எழுதியது:

அண்ணே, காயப்போடவில்லை. மூன்று செட் எடுக்க ஒரு மணி நேரம், மிஞ்சினால் சில மணி நேரம். நோயாளி மோசமாக இருந்தால், ரத்த அழுத்தம் இறங்கினால், கல்ச்சர் எடுத்த கையோடு மருந்து ஏறிவிடும். ஒரு மாதமாக மெல்ல இழுத்துக்கொண்டிருக்கும் காய்ச்சலில் சில மணி நேரம் பொறுப்பதால் கிடைக்கும் பலன் பெரிது. ஏனென்றால் இதற்கு மருந்து 4 வாரம், 6 வாரம் நரம்பு வழியாகப் போக வேண்டும். கிருமி எது, எந்த மருந்துக்கு அடங்கும் என்று தெரியாமல் ஆறு வாரம் கண்ணைக் கட்டிக்கொண்டு கொடுப்பதா?

சென்னைக்கு இப்போது வேண்டவே வேண்டாம். அங்கே டாக்டர்கள் நல்லவர்கள், அது வேறு விஷயம். வால்வில் கட்டி இருந்தால் அது பிய்ந்து மூளைக்குப் போகலாம், இதயம் திடீரென்று திணறலாம். அது விமானத்தில் நடந்தால் என்ன செய்வீர்கள்? இரண்டாவது கருத்து வேண்டுமென்றால் இங்கேயே கேட்கலாம். தமிழில் விளக்கம் வேண்டுமென்றால் வார்டில் கேளுங்கள், தமிழ் பேசும் தாதி யாராவது பக்கத்தில் இருப்பார்.

*

எக்கோ_அறை எழுதியது:

நான் எக்கோ எடுக்கும் வேலையில் இருக்கிறேன். தொண்டை வழி எக்கோ பற்றி நான் சொல்கிறேன்.

மார்பு மேல் கருவியை வைத்துப் பார்க்கும்போது ஒலி அலை தோல், கொழுப்பு, விலா எலும்பு, நுரையீரல் காற்று எல்லாவற்றையும் தாண்டி இதயத்துக்குப் போய்த் திரும்ப வேண்டும். மைட்ரல் வால்வு இதயத்தின் பின்பக்கம் இருக்கிறது. உணவுக்குழாயோ இதயத்துக்கு நேர் பின்னால், இடது மேலறையை ஒட்டிக்கொண்டு இறங்குகிறது. அங்கே சின்னக் கருவியை இறக்கினால் வால்வு சில சென்டிமீட்டர் தூரத்தில்தான். நடுவில் எலும்பும் கிடையாது, காற்றும் கிடையாது. இயற்கையான வால்வில் மார்பு மேல் எக்கோ ஏறக்குறைய பத்தில் மூன்று பேரைத் தவறவிடும், தொண்டை வழி எக்கோ பத்தில் ஒன்பதுக்கு மேல் பிடித்துவிடும். உலோக வால்வு போட்டவர்களுக்கு வித்தியாசம் இன்னும் அதிகம், உலோகத்தின் நிழல் படத்தை மறைத்துவிடும். ஆகவே "எக்கோவில் ஒன்றும் இல்லை" என்றால் தொற்று இல்லை என்று அர்த்தமில்லை.

நாங்கள் தேடுவது வால்வின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஒரு கட்டி. கிருமி, ரத்தத் தட்டணு, நார்ப்பொருள் எல்லாம் சேர்ந்தது. இதற்கு வெஜிடேஷன் என்று பேர். வால்வு திறந்து மூடும்போது அது தன் போக்கில், கொடியில் போட்ட துணி காற்றில் அடிப்பது மாதிரி, வால்வின் அசைவுக்குப் பொருந்தாமல் ஆடும். உங்கள் அப்பாவுக்கு வந்த மாதிரி மூட்டு வீங்கும் காய்ச்சலால் கெட்டுப்போன பழைய ருமாட்டிக் வால்வில் தடிப்பும் சுண்ணாம்பும் படிந்திருக்கும், அது ஆடாது, வால்வோடு சேர்ந்துதான் நகரும். உங்கள் அப்பா விஷயத்தில் சிக்கலே இதுதான் என்று நினைக்கிறேன். ஏற்கெனவே தடித்துப்போன வால்வில் புதிதாக ஒட்டியது எது, பழைய தழும்பு எது என்று பிரிக்க வேண்டும். வருடா வருடம் எடுத்த எக்கோ படங்கள் இப்போது உதவும், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கட்டி எந்தப் பக்கம் உட்காரும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கசியும் ரத்தம் பீய்ச்சும் திசையில், அழுத்தம் குறைந்த பக்கத்தில் உட்காரும். மைட்ரல் கசிவென்றால் மேலறைப் பக்கம். இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கும் அயோர்ட்டிக் வால்வில் கசிவென்றால் கீழறைப் பக்கம். எனவே முதலில் அங்கேதான் தேடுவோம்.

செய்முறை பயப்படும்படி இருக்காது. ஏறக்குறைய ஆறு மணி நேரம் வெறும் வயிறு. பல்செட் இருந்தால் கழற்ற வேண்டும், ஆடும் பல் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். தொண்டையில் மரத்துப்போகும் ஸ்பிரே, கையில் தூக்க மருந்து, இடது பக்கமாகச் சாய்ந்து படுக்க வைத்துப் பல்லுக்கு நடுவில் ஒரு வளையம் வைப்பார்கள். கருவி இறங்கும்போது "முழுங்குங்க அங்கிள், முழுங்குங்க" என்று நாங்கள் சொல்லிக்கொண்டே இருப்போம். அரை மணி நேரத்தில் பெரும்பாலும் முடிந்துவிடும். முடிந்ததும் தொண்டை மரத்திருக்கும், மரப்பு போகிறவரை தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், புரையேறும். முன்பு விழுங்குவதில் சிரமம், உணவுக்குழாயில் அறுவை, ரத்த வாந்தி ஏதாவது இருந்திருந்தால் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. தொண்டை வழியாகப் பார்த்தும் ஒன்றும் தெரியாமல், சந்தேகம் மட்டும் பலமாக இருந்தால், ஐந்து முதல் ஏழு நாள் கழித்து மறுபடியும் பார்க்கச் சொல்வார்கள். ஆரம்பத்தில் கட்டி கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும். "மறுபடியுமா" என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

*

தூக்கமில்லாத_எம்ஓ எழுதியது:

பாசிபிள், டெஃபினிட் என்பதற்கு நான் பதில் சொல்கிறேன். நகத்தைப் பார்த்த அந்த இளம் டாக்டருக்கு என் வணக்கம், ராத்திரி மூன்று மணிக்கு அவசரப் பிரிவில் நகம் பார்க்கத் தோன்றுவது சின்ன விஷயமில்லை.

இந்த நோயை ஒரே பரிசோதனையால் சொல்ல முடியாது, நீங்கள் கேட்டது சரி. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகக் குழு 1994-இல் ஒரு கணக்கு முறை வெளியிட்டது. 2000-இல் திருத்தினார்கள், 2023-இல் மறுபடியும் புதுப்பித்தார்கள். அதில் முக்கியமான பெரிய சான்றுகள் இரண்டு வகை. ஒன்று, இந்த நோயை வழக்கமாக உண்டாக்கும் கிருமி ஒன்றுக்கு மேற்பட்ட கல்ச்சரில் வளர்வது. மற்றது, வால்வில் பாதிப்பு படத்தில் தெரிவது. படம் என்றால் முன்பு எக்கோ மட்டும்தான், இப்போது இதய சி.டி., பெட் ஸ்கேன் இரண்டையும் சேர்த்துக்கொண்டார்கள், செயற்கை வால்வு போட்டவர்களுக்கு இது பெரிய உதவி. சிறிய சான்றுகள்: ஏற்கெனவே கெட்ட வால்வு போன்ற முன்காரணம், 38 டிகிரியும் அதற்கு மேலும் காய்ச்சல், கட்டித் துணுக்குகள் பிய்ந்து ரத்தக்குழாயில் அடைத்ததன் அடையாளங்கள், உடலின் எதிர்ப்புச் சக்தி கிளர்ந்ததன் அடையாளங்கள், பெரிய சான்றாகத் தேறாத கல்ச்சர் முடிவு. பெரியது இரண்டு, அல்லது பெரியது ஒன்றோடு சிறியது மூன்று, அல்லது சிறியதே ஐந்து இருந்தால் டெஃபினிட். பெரியது ஒன்றோடு சிறியது ஒன்று, அல்லது சிறியது மூன்று என்றால் பாசிபிள்.

உங்கள் அப்பாவுக்குக் கெட்ட வால்வு இருக்கிறது. வார்டில் காய்ச்சல் 38-ஐத் தொட்டதா? துணுக்கு அடைத்ததன் அடையாளமாக இமைக்குள் சிவப்புப் புள்ளி பார்த்தார்களா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் மூன்று சிறிய சான்று ஆகிவிட்டது, பெரியது ஒன்றும் இன்னும் இல்லை. பெரிய டாக்டர் சொன்ன பாசிபிள் அப்படி வந்திருக்கலாம். மழுப்பல் இல்லை.

இந்த அடையாளங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டிலிருப்பவர்களே பார்க்கக்கூடியவை. விரல் நுனியில் பட்டாணிக்கும் சின்னதாக, தொட்டால் வலிக்கும் சிவந்த முடிச்சு ஆஸ்லர் முடிச்சு. உள்ளங்கையிலும் பாதத்திலும் தட்டையாக, வலியே இல்லாத சிவப்புத் திட்டு ஜேன்வே திட்டு. பரீட்சையில் வலிக்குமா வலிக்காதா என்பதைத்தான் கேட்பார்கள். நகத்துக்கு அடியில் சிராய் ஏறியது மாதிரி நீளவாக்கில் கருஞ்சிவப்புக் கோடுகள் வரும், எல்லாரும் முதலில் தேடுவது இதைத்தான், ஆனால் டியூக் கணக்கில் அதற்கு இடமில்லை. கைவேலை செய்பவர்கள் நிறைய பேருக்கு அடிபட்டே அந்தக் கோடு இருக்கும். நம் மாநிறத் தோலில் ஜேன்வே திட்டுகள் எளிதில் தெரியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பாடப் புத்தகப் படங்கள் வெள்ளைத் தோலில் எடுத்தவை. நல்ல வெளிச்சத்தில் உள்ளங்கை, பாதம், இமையின் உள்பக்கம் பார்த்தால்தான் உண்டு. இவை எல்லாமே இப்போது அபூர்வம், இல்லையென்றால் நோய் இல்லை என்று விட்டுவிட முடியாது.

இந்த நோய் வேறு வேடத்தில் வருவதும் உண்டு. முதுகுவலி என்று வந்து முதுகெலும்பில் சீழ் இருக்கும். திடீர்ப் பக்கவாதம் என்று வருவார்கள், காய்ச்சலைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பக்கவாதத்தில் உறைந்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவது வழக்கம், வால்வில் தொற்று இருக்கும்போது அதைப் போட்டால் மூளையில் ரத்தம் கசியும் ஆபத்து அதிகம். அதனால் அப்பாவுக்கு முகம் கோணினாலோ கை தொய்ந்தாலோ பேச்சுக் குழறினாலோ உடனே கூப்பிடுங்கள், வருகிற டாக்டரிடம் முதல் வாக்கியமாக "வால்வுத் தொற்று சந்தேகம்" என்று சொல்லுங்கள். வயதானவர்களில் சிலருக்குக் காய்ச்சலே இருக்காது, சாப்பாடு பிடிக்காது, எடை குறையும், ரத்தசோகை, அவ்வளவுதான்.

தினமும் ஈ.சி.ஜி. எடுப்பார்கள், அதையும் வேண்டாத வேலை என்று நினைக்க வேண்டாம். தொற்று அயோர்ட்டிக் வால்வின் அடிவாரத்தில் சீழ்க்கட்டியாகப் பரவினால் இதயத்தின் மின்கம்பி அங்கேதான் ஓடுகிறது, ஈ.சி.ஜி.யில் பி.ஆர். இடைவெளி, அதாவது மின்துடிப்பு மேலறையிலிருந்து கீழறைக்குப் போக எடுக்கும் நேரம், நீள ஆரம்பிக்கும்.

*

பழைய_வார்டு_ஆள் எழுதியது:

எனக்கு வந்து பிழைத்தேன், அதனால் எழுதுகிறேன். என் கல்ச்சரில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலைட்டிகஸ் என்று ஒரு கிருமி வளர்ந்தது, பழைய பேர் போவிஸ். இதயத்துக்கு மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே "பெருங்குடலைப் பார்க்க வேண்டும்" என்றார்கள். நெஞ்சில் நோய், கீழே என்ன வேலை என்று சண்டை போட்டேன். இந்தக் கிருமி ரத்தத்தில் வந்தால் பெருங்குடலில் கட்டியோ புற்றோ இருக்க வாய்ப்பு உண்டாம். பார்த்தார்கள், ஒரு பாலிப் இருந்தது, வெட்டி எடுத்தார்கள். ஆகவே கிருமியின் பேர் தெரிவது மருந்துக்கு மட்டுமில்லை, அது எந்த வாசல் வழியாக வந்தது என்று தேடவும்தான்.

ஆறு வாரமும் படுக்கையில் இருக்க வேண்டியதில்லை. நிலைமை சீரானதும் மேல் கையில் ஒரு நீளமான மெல்லிய குழாய் வைத்து, வீட்டிலிருந்தே போய் வந்து மருந்து ஏற்றிக்கொள்ளும் ஏற்பாடு இங்கே பொது மருத்துவமனைகளில் இருக்கிறது. குளிக்கும்போது குழாய் நனையாமல் பிளாஸ்டிக் சுற்றி, கையைத் தூக்கிக்கொண்டே குளிப்பேன். என் வீட்டுக்காரிக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு. அந்தக் கையால் கனமான பை தூக்கக் கூடாது, ஈரச் சந்தைக்குப் போனாலும் மற்ற கைதான்.

*

ஜூரோங்_சித்தப்பா எழுதியது:

தாதி அம்மா, சென்னை பேச்சை விட்டுவிட்டேன். ஒரு சந்தேகம். பச்சை மீன் சாப்பிட்டு இந்த மாதிரி வந்தது என்று முன்பு செய்தியில் வந்ததே, அது உண்மையா?

*

தூக்கமில்லாத_எம்ஓ எழுதியது:

உண்மைதான் அங்கிள். 2015-இல் இங்கே குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி, கஞ்சியோடு வைத்துத் தரும் பச்சை நன்னீர் மீன் மூலம் பரவியது. சோங் மீன், தோமான் மீன். அந்தக் கிருமி கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பாதிப்பது வழக்கம், அந்த வருடம் நல்ல ஆரோக்கியமான பெரியவர்களையே அடித்தது. மூளை உறை, மூட்டு, சிலருக்கு வால்வு. அந்த வருடக் கடைசியில் உணவுக் கடைகளில் நன்னீர் மீனைப் பச்சையாக விற்பதை நிறுத்தச் சொன்னார்கள். வேகவைத்த மீன் கஞ்சிக்கு ஒன்றுமில்லை, தாராளமாகச் சாப்பிடுங்கள்.

*

இரவுஷிப்ட்_தாதி எழுதியது:

பழைய கதை பேசினால் எனக்கு 2000-களின் நடுப்பகுதிதான் ஞாபகம் வரும். ஹெராயின் பழக்கத்தை விடுவிக்கக் கொடுத்த சுபுடெக்ஸ் மாத்திரையைக் கரைத்து நரம்பில் குத்திக்கொண்டு இளம் பையன்கள் வரிசையாக வந்தார்கள். 2006 ஆகஸ்டில் அதை 'ஏ' பிரிவுப் போதைப்பொருளாக அறிவித்த பிறகுதான் குறைந்தது. அவர்களுக்கு இதயத்தின் வலது பக்க வால்வில் தொற்று. துணுக்கு மூளைக்குப் போகாது, நுரையீரலுக்குப் போகும். இருமல், மூச்சு விட்டால் நெஞ்சில் குத்து, எக்ஸ்ரேயில் ஆங்காங்கே உருண்டைகள். நிமோனியா என்றே நினைப்போம். வலது பக்கம் அழுத்தம் குறைவு, ஸ்டெதஸ்கோப்பில் சத்தமும் சரியாகக் கேட்காது. கையில் ஊசித் தழும்பைப் பார்த்து, அம்மா அறையை விட்டு வெளியே போன பிறகு மெல்லக் கேட்டால்தான் உண்மை வரும்.

*

உட்லண்ட்ஸ்_வேலு எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு உலோக அயோர்ட்டிக் வால்வு. அறுவைக்கு முன்பெல்லாம் தைப்பூசத்துக்கு அலகு காவடி எடுத்தவன். மறுபடியும் எடுக்கலாமா? வீட்டில் ஒரே எதிர்ப்பு. அப்புறம் பல் டாக்டரிடம் போகும்போது மாத்திரை போடு என்கிறார்கள், எதற்கு, எவ்வளவு என்று சரியாகச் சொல்லவில்லை.

*

பல்லக்கா எழுதியது:

வேலு தம்பி, நான் பல் மருத்துவர். செயற்கை வால்வு போட்டவர், முன்பு வால்வுத் தொற்று வந்தவர், சில வகைப் பிறவி இதயக் கோளாறு உள்ளவர், இவர்கள்தான் அதிக ஆபத்துப் பட்டியல். ஈறைத் தொடும், பல் பிடுங்கும் வேலைக்கு முன்னால் அமாக்ஸிசிலின் 2 கிராம், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு முன், ஒரே ஒரு முறை. பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் வேறு மருந்து, சொல்லாமல் இருந்துவிடாதே. முன்பு எல்லா வால்வுக் கோளாறுக்கும் கொடுத்தார்கள், 2007-இல் அமெரிக்க இதயச் சங்கம் பட்டியலைச் சுருக்கியது. அதற்குக் காரணம், தினமும் பல் துலக்கும்போதும் மெல்லும்போதும் கெட்ட ஈறிலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்துகொண்டுதான் இருக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை எங்கள் நாற்காலியில் நடப்பதைவிட அதுதான் அதிகம். ஆகவே அந்த மாத்திரையை விடவும் ஈறு சுத்தமாக இருப்பது பெரிது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வா.

அலகு விஷயத்தில் உன் வீட்டாரோடுதான் நான். அதிக ஆபத்து உள்ளவர்கள் உடம்பில் துளை போடுவதையே தவிர்க்கச் சொல்கிறார்கள். அதோடு உலோக வால்வுக்கு ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் வேறு சாப்பிடுவாய், குத்திய இடத்தில் ரத்தம் நிற்காது. பெருமாள் கோயிலிலிருந்து தேங்க் ரோடு முருகன் கோயில் வரைக்கும் பால்குடம் எடுத்து நட, முருகன் கணக்கில் குறை வைக்க மாட்டார். இதய மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

*

பொங்கோல்_மகள் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, நிஜமாகவே. தாதி அக்கா சொன்னபடி மாத்திரை விவரத்தை எழுதிக் கொடுத்தேன், தொற்றுநோய்ப் பிரிவு டாக்டர் அதைப் படம் பிடித்துக்கொண்டார்.

நேற்று தொண்டை வழி எக்கோ முடிந்தது. மைட்ரல் வால்வின் மேலறைப் பக்கம் 8 மில்லிமீட்டரில் ஒன்று ஆடுகிறது என்றார்கள், பழைய படங்களில் அது இல்லை. எக்கோ_அறை எழுதியதை முன்பே படித்திருந்ததால் டாக்டர் திரையைக் காட்டியபோது எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கே தெரிந்தது. கல்ச்சரில் இதுவரை ஒன்றும் வளரவில்லை. வார்டில் இரவு 38.4 வந்தது, இமைக்குள் புள்ளிகள் இருப்பதாகக் கோப்பில் எழுதியிருக்கிறார்கள். சி.டி.யில் மண்ணீரலின் ஒரு ஓரத்துக்கு ரத்தம் போகவில்லை என்றும் சொன்னார்கள். "இப்போது டெஃபினிட்" என்றார் பெரிய டாக்டர். கல்ச்சர் காலியாக இருக்கும்போது எப்படி? மருந்து ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்னொன்று, வாயைப் பரிசோதித்தபோது அப்பாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் அடியோடு சொத்தை. ரொம்ப நாளாக ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டிருக்கிறார், எங்களிடம் சொல்லவே இல்லை.

*

தூக்கமில்லாத_எம்ஓ எழுதியது:

கணக்கு சரியாகத்தான் வருகிறது. எக்கோவில் தெரிந்தது ஒரு பெரிய சான்று. கெட்ட வால்வு, காய்ச்சல், துணுக்கு போய் அடைத்தது, இவை மூன்று சிறியவை. இமைப் புள்ளியும் மண்ணீரலும் ஒரே வகை, இரண்டாக எண்ணக் கூடாது. ஒன்றும் மூன்றும் சேர்ந்தால் டெஃபினிட், கல்ச்சர் இல்லாமலேயே.

கல்ச்சர் காலியாக இருப்பதற்கு அந்த இரண்டு கோர்ஸ் மாத்திரைதான் முதல் சந்தேகம். கல்ச்சர் புட்டிகளைப் பொதுவாக ஐந்து நாள் கருவியில் வைத்திருப்பார்கள், இன்னும் வளரலாம். வளராவிட்டால் புட்டியில் எளிதில் வளராத கிருமிகளைத் தேடி ரத்தத்தில் வேறு பரிசோதனை அனுப்புவார்கள். கோக்சியெல்லா, பார்ட்டோனெல்லா என்று பேர்கள் வரும். ஆடு மாடு, பூனைக்குட்டி பழக்கம் உண்டா, ஊருக்குப் போயிருந்தாரா என்று கேட்டால் சரியாக யோசித்துச் சொல்லுங்கள். அறுவை தேவைப்பட்டால் வெட்டி எடுத்த வால்வுத் திசுவிலேயே கிருமியின் மரபணுவைத் தேட முடியும். அறுவை வேண்டுமா என்பதை இதய டாக்டர், அறுவை டாக்டர், தொற்றுநோய் டாக்டர் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பார்கள். இதயம் திணறுகிறதா, மருந்துக்கு அடங்குகிறதா, கட்டி 10 மில்லிமீட்டரைத் தாண்டித் துணுக்குகளாகப் பிய்கிறதா என்பதைப் பார்ப்பார்கள். துணுக்கு பிய்யும் ஆபத்து மருந்து ஆரம்பித்த முதல் இரண்டு வாரத்தில்தான் அதிகம், அதனால் முகம், கை, பேச்சு பற்றி முன்பு சொன்னதைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

*

பல்லக்கா எழுதியது:

அந்தக் கடைவாய்ப் பல்லை வெளியே வந்து தனியாகப் பிடுங்கிக்கொள்ள வேண்டாம். ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருக்கும்போதே மருத்துவமனைப் பல் பிரிவில் எடுப்பதுதான் வழக்கம், எப்போது என்பதை இதயக் குழு சொல்லும், வால்வு அறுவை இருந்தால் அதற்கு முன்னாலேயே முடிக்கப் பார்ப்பார்கள். இந்தத் தொற்று ஒரு முறை வந்துவிட்டால் அப்பாவும் வேலு தம்பியின் பட்டியலில் சேர்ந்துவிடுவார். இனி ஈறைத் தொடும் எந்தப் பல் வேலைக்கும் முன்னால் அந்த ஒரு டோஸ் உண்டு. வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சுருக்கத் தாளில் அது எழுதியிருக்கிறதா என்று பார், இல்லையென்றால் எழுதி வாங்கு. அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு, அப்பா எந்தக் கிளினிக்குக்குக் காய்ச்சல் என்று போனாலும் முதலில் அதைக் காட்டச் சொல்.